ரோசலின் விழ வேண்டிய இடம்

ரோசலின் என் கண்ணெதிரே பல தடவை செத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து, ஏப்ரனை உதறிக்கொண்டு, "டீ சூடா இருக்குதா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை மட்டும் எழவில்லை. அவள் மூச்சு போய்த் திரும்பிய அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கதையைக் கிளப்பிவிட்டது ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

என் பெயர் வசந்தா. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, இறாலை உரித்து, உறைய வைத்து, கப்பலேற்றுகிற ஒரு ஃபேக்டரியில் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஃபேக்டரியின் பெயர் வேண்டாம். பென்ஷன்தான் இல்லை, வம்பாவது இல்லாமல் இருக்கட்டும். ஹாஜர் போடுவது, கேட் பாஸ் கொடுப்பது, லீவு கேட்டு வருகிறவர்களின் பொய்களைப் பொறுமையாகக் கேட்பது, இதுதான் என் உத்தியோகம். தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துத் தொலைத்திருந்தேன். அந்தப் பாவத்துக்கு, இங்கிலீஷில் எது வந்தாலும் என் மேஜைக்கு வந்துவிடும். ஃப்ரீசர் மேனுவலும் வரும், ஜி.எம். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வரும்.

ரோசலின் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. பீலிங் ஹாலில், அதாவது இறால் உரிக்கிற கூடத்தில், லீடர். வாய் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. அவளுக்கு வீசிங் உண்டு. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்கிற வேலைக்கும் வீசிங்குக்கும் ஏழாம் பொருத்தம். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்று எப்போதும் வைத்திருப்பாள். ஆனால் ஹாலுக்குள் வளையல், பொட்டு, கைக்குட்டை, மருந்து எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது சுகாதார விதி. வெளிநாட்டுக்காரன் தின்கிற இறாலில் எங்கள் பொட்டு விழுந்துவிடக் கூடாதல்லவா? அதனால் ரோசலினின் மூச்சு, உடை மாற்றுகிற அறையில் ஒரு பைக்குள், ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வார்த்தை வந்த விதம்

எங்கள் இறாலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி வருடா வருடம் ஒரு ஆடிட்டரை அனுப்பும். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்லை. கக்கூஸ் சுத்தமா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, ஆபத்து வந்தால் ஜனங்கள் தப்பிப்பார்களா என்று பார்க்கிறவர். அவர் அதிகம் பேச மாட்டார். கொடுத்த முந்திரியைத் தொட மாட்டார். அதிலேயே எங்கள் ஜி.எம்.முக்கு அவர்மேல் சந்தேகம்.

அந்த வருடம் ரிப்போர்ட் வந்ததும் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா மேடம், இந்தாளு என்னமோ எழுதி அனுப்பியிருக்கான் பாருங்க. மாக் ட்ரில்ஸ் ஆர் பெர்ஃபங்க்டரி. என்னா மேடம் இது? பெர்ஃபெக்டுக்கு அண்ணனா?"

"பெர்ஃபெக்டுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல சார். நம்ம ட்ரில்லு ஒப்புக்கு நடக்குதுன்னு எழுதியிருக்காரு."

"ஒப்புக்கா! வருஷத்துக்கு ரெண்டு தடவ நடத்துறோம். ஃபோட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு, டீ பில்லு வரைக்கும் ஃபைல்ல இருக்கு!"

"அதத்தான் சார் சொல்றாரு."

வார்த்தையை நானே தயாரித்துக் கொடுத்ததுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் சேஃப்டி ஆபீசர் பிரபு நின்றிருந்தான். சின்னப் பையன், டிப்ளமோ படித்தவன், ஜி.எம். சொன்னால் சூரியனையே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுவான். உடனே ஃபோனை எடுத்து வார்த்தையைத் தேடி, "ஆமா சார், மேடம் சொல்றது கரெக்டு சார்" என்றான். என் எம்.ஏ.வுக்கு அன்றுதான் அங்கீகாரம் கிடைத்தது.

இந்த வார்த்தையை எங்கே போடலாம்

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்கள் உத்தியோக வாழ்க்கையில் சம்பளத்துக்கு அடுத்தபடி அதிகம் புழங்கப்போவது இந்தச் சமாசாரம்தான்.

பெர்ஃபங்க்டரி என்றால் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. வேலை நடந்திருக்கும். நேரத்துக்கு நடந்திருக்கும். அதற்குண்டான சடங்கு ஒன்றுகூட விட்டுப்போயிருக்காது. எதற்காக அந்த வேலையோ, அது மட்டும் அதற்குள் இருக்காது.

அகராதியில் 'சிரத்தையில்லாத' என்று போட்டிருப்பார்கள். அதோடு விட்டால் போதாது. நம் பாஷையில் இதற்கு இருக்கிற வார்த்தைகளுக்குப் பஞ்சமா? ஒப்புக்கு, பேருக்கு, கடனேன்னு, சாங்கியத்துக்கு, கணக்குக் காட்ட. செய்து செய்து பழகியவர்கள் நாம், வார்த்தை குறையுமா? ஏனோதானோ என்பது இதில் சேராது. ஏனோதானோக்காரன் சட்டையைத் தப்பாகப் பட்டன் போட்டுக்கொண்டு வருவான். பெர்ஃபங்க்டரிக்காரன் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவான். கண்துடைப்பும் இதில் சேராது. அதில் ஏமாற்றுகிற எண்ணம் உண்டு. இதில் அந்த எண்ணம்கூட வேண்டாம். நல்லவர்களே செய்யலாம்.

உதாரணம் வேண்டுமா? எங்கள் கேட்டில் செக்யூரிட்டி, சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்க்காமலே மூடச் சொல்லுவார். அந்தச் சோதனை பெர்ஃபங்க்டரி. கக்கூஸ் கதவில் ஒட்டிய தாளில் மணிக்கு ஒரு கையெழுத்து இருக்கும், காலையிலேயே மொத்தமாகப் போட்டது. சாவு வீட்டில் வாட்ஸ்அப் பார்த்தபடி "எப்புடி ஆச்சு?" என்று கேட்பார்களே, அந்த விசாரிப்பு. நம் ஊர் கல்யாணங்களில் கை கழுவிவிட்டுச் செருப்புத் தேடுகிறவரிடம் "இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்பார்களே, அந்த உபசாரம். போதும் என்று நினைக்கிறேன்.

பழைய ட்ரில்

எங்கள் ஃபேக்டரியில் குளிரூட்ட அம்மோனியா வாயு ஓடும். கசிந்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும், ஜாஸ்தியானால் ஆளையே அடிக்கும். அதனால் சைரன் அடித்தால் எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி, மைதானத்தில் கூட வேண்டும். அதற்கான ஒத்திகைதான் மாக் ட்ரில்.

முன்பெல்லாம் காலையிலேயே பிரபு ஹாலுக்கு வந்து, "பதினோரு மணிக்கு சைரன் அடிக்கும், யாரும் பதறாதீங்க" என்று சொல்லிவிடுவான். யாரும் பதறியதே இல்லை. சைரன் அடித்ததும் கையிலிருக்கிற இறாலை உரித்து முடித்து, தட்டை நிரப்பிவிட்டு, பேசிக்கொண்டே வருவார்கள். கோயில் வாசலில் செருப்பு மாட்டுகிற அவசரம்கூட இருக்காது.

மயங்கி விழுந்த ஆளாக ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் கிடைக்காது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்னப் பொணமாட்டம் தூக்குறியா? எம் புருஷன் நல்லா இருக்கிறது புடிக்கலியா ஒனக்கு?" என்று பிரபுவை விரட்டி அடிப்பார்கள். ஆண்களும் படுக்க மாட்டார்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், சகுனம் சரியில்லையாம். ரோசலின்தான் சிரித்துக்கொண்டே முன்னால் வருவாள்.

"வுடுங்க சார், நான் படுக்கறேன். நாங்க உயிர்த்தெழுந்த ஆண்டவரக் கும்புடுற ஜனம். எங்களுக்கு என்னா பயம்?"

படுப்பாள். நாலு பையன்கள் தூக்குவார்கள். கம்பெனி வேனில் 'ஆம்புலன்ஸ்' என்று தாள் ஒட்டி, டிரைவர் மாணிக்கம் கோல்ட் ஸ்டோரேஜ் கட்டடத்தை ஒரு ரவுண்டு சுற்றிவந்து போர்ட்டிகோவில் நிறுத்துவான். ரோசலின் எழுந்திருப்பாள். டீயும் பன்னும் வரும்.

புதிய ட்ரில்

"அடுத்த ஆடிட்டுல அந்த வார்த்த இருக்கக் கூடாது" என்று ஜி.எம். உத்தரவு போட்டார். கவனியுங்கள், அந்த வார்த்தைதான் இருக்கக் கூடாது.

வார்த்தையை ஒழிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேஷண்ட்டு எங்க விழுவாங்க? லைட்டு இங்கதான் சார் நல்லா இருக்கு" என்று சொல்லி, மைதானத்தில் ஒரு இடத்தில் காலால் தேய்த்துக் காட்டினார். அங்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டார்கள். ரோசலின் விழ வேண்டிய இடம் அது.

முகத்தில் பூச ஒரு கிண்ணத்தில் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு வந்தான் பிரபு.

"அம்மோனியாவுல ரத்தம் வராதே பிரபு" என்றேன்.

ஜி.எம். குறுக்கிட்டார். "எங்களுக்குத் தெரியாதா மேடம்? ஃபோட்டோல தெரிய வேணாமா?"

ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார்கள். ஓடுகிறவர்கள் தனி. தடுக்கி விழுகிறவர் ஒருவர். "ஐயோ, காப்பாத்துங்க!" என்று கத்துகிறவர் ஒருவர், அவருக்குக் குரல் நன்றாக இருந்ததால் அந்த வேடம். பிரபு மைக்கில் சொல்ல வேண்டிய வசனத்தை ஜி.எம்.மே எழுதினார். ட்ரில் உயிரோட்டமாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தார்: "இது ஒத்திகை இல்ல, நெசமாவே கேஸ் லீக்கு!" அந்த வரி வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிக்கணும்" என்றார்.

ரோசலின் நடிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். தள்ளாடி வருவாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டரியே அதிர இருமுவாள், கையை மேலே நீட்டியபடி சரியாக வட்டத்துக்குள் விழுவாள். பெண்கள் கை தட்டுவார்கள். ஜி.எம். அவளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு கொடுத்தார். "தண்ணியில்லாத ஊர்ல குடம் குடுத்தா என்னா பண்றது சார்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆடிட்டர் வருகிற நாள் நெருங்க நெருங்கத் தினமும் ஒத்திகை. அதாவது ஒத்திகைக்கு ஒத்திகை. ஆள் தப்பிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் ஜனங்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

நிஜம்

ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஒரு நாள். காலையில் ஒத்திகை முடிந்து, டீயும் முடிந்து, எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் சைரன் அடித்தது.

டைம் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். ஹாலிலிருந்து பெண்கள் அலுத்துக்கொண்டே வந்தார்கள். "மறுபடியுமா? ஒரு நாளைக்கி எத்தன தடவதான் சாவுறது?" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

கம்ப்ரஸர் ரூம் பக்கமிருந்து பிரபு ஓடிவந்தான். தொப்பி இல்லை, முகம் வெளுத்திருந்தது. "இது ஒத்திகை இல்ல! நெசமாவே கேஸ் லீக்கு!" என்று கத்தினான்.

"இன்னிக்கி சார் நல்லாப் பண்றாரு" என்றாள் இன்னொருத்தி.

பாவம், அவன் தொண்டை கிழியக் கத்தினான். எழுதிவைத்த வரியை விட்டால் வேறு எப்படித்தான் கத்துவது? நல்ல குரல்காரப் பெண் தன் முறை வந்ததென்று, "ஐயோ, காப்பாத்துங்க!" என்று ராகத்தோடு ஆரம்பித்தாள். தடுக்கி விழ வேண்டியவள் தடுக்கி விழுந்தாள்.

அப்போது நாற்றம் வந்தது. மூக்கில் ஊசி ஏற்றியதுபோல ஒரு நெடி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ராகம் பாதியில் நின்றது. அதற்குப் பிறகுதான் ஓடினார்கள் பாருங்கள், அந்த ஓட்டத்தை எந்த வீடியோக்காரனும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

லீடர் என்பதால் ரோசலின் தன் பெண்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தாள். ஹால் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அப்படியே பக்கவாட்டில் விழுந்தாள்.

ஸ்ட்ரெச்சர் பையன்கள் மஞ்சள் வட்டத்தின் அருகே தயாராக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

"ரோசலின்க்கா, அங்க இல்லக்கா! மார்க்குல வந்து வுழுக்கா!"

நான் இதை வேண்டுமென்று கூட்டிச் சொல்லவில்லை. அவன் நல்ல பையன். அவளை அக்கா, அக்கா என்று சுற்றி வருகிறவன். சொல்லிக்கொடுத்ததைச் செய்தான், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் ஏன் உறைத்தது என்றால், சத்தம் இல்லை. நடிக்கும்போது அவள் ஊரைக் கூட்டுகிற மாதிரி இருமுவாள். இப்போது வாய் திறந்திருக்கிறது, கை கழுத்தைப் பிராண்டுகிறது, ஒரு சத்தமும் இல்லை. உடை மாற்றுகிற அறைக்கு ஓடினேன். பையைத் தேடிப் பம்ப்பை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளிடம் போனேன்.

"டேய், நடிப்பில்லடா இது! தூக்குங்கடா!" என்று கத்தினேன். பையன்கள் ஓடிவந்து அவளைக் காற்றோட்டமான பக்கம் தூக்கிப்போனார்கள். பம்ப்பை வாயில் வைத்து அழுத்தினேன். அதை உள்ளே இழுக்கவே அவளுக்கு மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்ட்ரெச்சரோடு வேனில் ஏற்றினோம். மாணிக்கம் சர்ரென்று கிளப்பிக்கொண்டு போனான்.

எல்லாரும் வெளியே வந்தாயிற்றா என்று ஹாஜர் வைத்து ஆள் எண்ண வேண்டியது என் பொறுப்பு. அதற்காகத் திரும்பினேன். பாதிப் பேரைக்கூட எண்ணியிருக்க மாட்டேன். கோல்ட் ஸ்டோரேஜ் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அதே வேன் வந்தது. அழகாக ரிவர்ஸ் எடுத்துப் போர்ட்டிகோவில் நின்றது. மாணிக்கம் இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

"என்னாடா, வந்துட்ட?"

"ரவுண்டு முடிஞ்சுது மேடம். எறக்கிடலாமா?"

அடப்பாவி! கேஸ் லீக் என்று அவனுக்குத் தெரியும், கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வழிகிறது. ரோசலின் நிஜமாகவே விழுந்தாள் என்றும் தெரியும். ஆனால் கை ஸ்டியரிங்கைப் பிடித்ததும், பழகின வழியில் வண்டி தானாகவே போய்த் திரும்பிவிட்டது. எத்தனை ஒத்திகை! ஒன்றில்கூட அவன் கேட்டைத் தாண்டியதில்லை.

ஆள் எண்ணுகிற வேலையைப் பிரபுவின் தலையில் கட்டிவிட்டு நான் வேனில் ஏறினேன். "சிதம்பரத்துக்கு ஓட்டுடா. நடுவுல எங்கனா நிறுத்துன, ஒன்னத்தான் இதுல படுக்க வெப்பேன்" என்றேன்.

வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. வீடியோவுக்காகப் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. அதைத் திறக்கிற சாவி இல்லை. கையால் திருகிப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன், அது அசையவில்லை. வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. ரோசலின் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்து தளர்ந்து இறுகியது. அவளுக்குப் பத்தாவது படிக்கிற மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் போய் நான் என்னவென்று சொல்லுவேன்? அம்மா தப்பான இடத்தில் விழுந்துவிட்டாள் என்றா? நான் வாய்விட்டு அழுதேன். மாணிக்கமும் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகத்தில் மாஸ்க்கை மாட்டி, ஊசி போட்டு, டாக்டர்கள் அவளை இழுத்துப் பிடித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணைத் திறந்தாள். கசிந்த வால்வை ஆபரேட்டர் அப்போதே அடைத்துவிட்டாராம். மற்றவர்களுக்குக் கண் எரிச்சலும் இருமலும்தான்.

அடைமொழிகள்

மறுநாள் நடந்ததைப் பற்றி ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். ஜி.எம். சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். துரிதமான, முன்மாதிரியான, மெச்சத்தக்க நடவடிக்கை என்று இங்கிலீஷில் அடுக்கினார். ஒரு வார்த்தைக்காகத் தவித்தவருக்கு அன்று வார்த்தைகள் அருவியாகக் கொட்டின.

"சார், சிலிண்டர் சாவி?"

"அதெல்லாம் எழுத வேணாம் மேடம்."

"வேன் ரவுண்டு அடிச்சுது?"

"ஆஸ்பத்திரிக்குப் போச்சா இல்லியா? அத எழுதுங்க."

சாவி வாங்கித் தரச் சொல்லி ஸ்டோருக்கு இண்டென்ட் போட்டிருப்பதாகப் பிரபு சொன்னான். ரிப்போர்ட்டில் குறையே இல்லாததால், எதையும் சரிசெய்ய வேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்படவில்லை. அடைமொழியின் உபயோகம் இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஜி.எம். ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் ரோசலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நலம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் குனிந்து, "அடுத்த வாரம் ஆடிட்டும்மா. இருமக்கூட வேணாம். சும்மா வந்து படுத்தா போதும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ரோசலின் என் கையை அமுக்கினாள். மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சார், இந்த வாட்டி... நீங்க படுங்க."

ஜி.எம். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

ஜி.எம். படுத்த நாள்

ஆடிட்டர் வந்தார். முந்திரியைத் தொடவில்லை. "ட்ரில் நடத்துங்க" என்றார். படுக்க ஆள் தேடினான் பிரபு. சகுனம் பார்த்தவர்கள் மட்டுமில்லை, ஃபேக்டரியில் ஒருவர்கூட அசையவில்லை. ரோசலின் விழுந்த இடத்தில் படுக்க யாருக்கு மனசு வரும்? ஆடிட்டர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். டிஸ்சார்ஜ் ஆகி, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த ரோசலின், செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஜி.எம்.மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜி.எம். ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நல்ல கனம். பையன்கள் முக்கி முனகித் தூக்கினார்கள். நோயாளியோடு ஒருவர் போக வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதால் நானும் ஏறினேன். மாணிக்கம் கிளப்பினான். கோல்ட் ஸ்டோரேஜ் பக்கம் திரும்பாமல் நேரே கேட்டைத் தாண்டினான்.

"டேய், எங்கடா போற?"

"ஆஸ்பத்திரிக்கு சார்."

"போதும்டா, நிறுத்து! ஆடிட்டரு பாத்துட்டாரு!"

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க சார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டிக்குள் புழுக்கம். ஜி.எம். ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுக்குள் நெளிந்தார். வியர்வை கொட்டியது. சிலிண்டரைப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுது மேடம். அதையாவது கொஞ்சம் தெறங்களேன்" என்றார்.

"சாவி இல்ல சார்."

"இன்னுமா வரல?"

"இண்டென்ட் போட்டிருக்கு சார்."

தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக ரயில்வே கேட்டைப் பார்த்தார். பிறகு குரல் தணிந்து, "அன்னிக்கும் கேட்டு சாத்தியிருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"சிலிண்டரும் தெறக்கலியா?"

"இல்ல சார்."

"அப்ப என்னாதான் பண்ணீங்க?"

"கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன் சார். வேற என்னா பண்றது?"

கேட் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இறங்கி, காலில் ஷூ இல்லாமல், ஃபோனை எடுத்துப் பிரபுவைக் கூப்பிட்டார். சாவியை அன்று சாயங்காலத்துக்குள் வாங்கி, சங்கிலி போட்டு சிலிண்டரிலேயே தொங்கவிடச் சொன்னார். பீலிங் ஹால் கதவுக்கு வெளியே கண்ணாடிப் பெட்டி வைத்து, வீசிங் உள்ளவர்களின் பம்ப்பை அதில் வைக்கச் சொன்னார். நாங்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்த விஷயங்கள். படுத்துப் பார்க்கிற வரைக்கும் அவர் காதில் விழவில்லை.

ஆடிட்டரின் ரிப்போர்ட் பிறகு வந்தது. அந்த வார்த்தை அதில் இல்லை. மெச்சத்தக்க என்றும் இல்லை. ஒரு அடைமொழிகூட இல்லை. சிலிண்டர் சாவி இல்லை, சைரன் சத்தம் ஃப்ரீசருக்குள் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு மாற்று வழி யோசிக்க வேண்டும் என்று மொட்டை மொட்டையாக எழுதியிருந்தார். ஜி.எம். அதைப் படித்துப் பார்த்தார். அர்த்தம் கேட்டு என்னைக் கூப்பிடவில்லை.

நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால், இவ்வளவுதான். உங்கள் வேலையை யாராவது குறை சொன்னால், அந்தக் குறைக்கு மேல் ஜரிகை வைத்துத் தைக்காதீர்கள். கடைசி வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கேட்டைத் தாண்டிப் போங்கள்.

அன்று வேன் திரும்பியபோது ஷிஃப்ட் முடிகிற நேரம். ஜி.எம். கசங்கிய சட்டையோடு இறங்கினார். ரோசலின் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போகப் பார்த்தவர், முடியாமல் நின்றார்.

"எப்புடி சார் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பயமா இருந்துச்சும்மா" என்றார்.

"அப்ப சரியாத்தான் சார் நடந்திருக்கு" என்றாள் ரோசலின்.